எழுபத்திரண்டு விநாடி

அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பிசியோதெரபி என்று பேனர் கட்டிய கூடாரத்தில் வேலையில்லாமல் நின்றிருந்தவள், ஓடுகிறவர்கள் எல்லாரும் கல்லூரி வாசலைத் தாண்டி அவினாசி ரோட்டில் மறைந்த பிறகு, பொழுது போகாமல்தான் பேச்சுக் கொடுத்தாள். பெயர் மெர்லின், மூன்றாம் வருஷம் படிக்கிறாளாம். கோகிலவாணியின் விரல்களைப் பார்த்துவிட்டு, "மருதாணியாக்கா?" என்றாள். கோகிலவாணிக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். "இல்லீங்க, பீட்ரூட்டு. எங்க வீட்டுக்காரரு சாறு குடிக்கிறாரு. தெனமும் அரைக் கிலோ." "ஓ, ஓட்டத்துக்கா? சூப்பர்க்கா. ரத்தக்குழாய் விரியும், மூச்சு மிச்சமாகும். நேரத்துல ஒரு சதவீதம் குறையும்னு படிச்சிருக்கோம். மவுத்வாஷ் மட்டும் போடக் கூடாது." "எதுங்க?" "வாய் கொப்பளிக்கிற மருந்துக்கா. நாக்குல இருக்கற கிருமிதான் பீட்ரூட்ல இருக்கற சத்தை உடம்புக்கு ஆகற மாதிரி மாத்திக் குடுக்கும். மவுத்வாஷ் அந்தக் கிருமியைக் கொன்னுரும். அப்பறம் குடிச்சாலும் ஒண்ணுதான், குடிக்காட்டியும் ஒண்ணுதான்." சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மணி ஐந்து ஐம்பத்திரண்டு. அவள் புருஷன் ஈஸ்வரமூர்த்தி ஓட ஆரம்பித்து ஏழு நிமிஷம் ஆகியிருந்தது.

அந்த மருந்தை வாங்கிக் கொடுத்தது கோகிலவாணி. வேறு யாரும் இல்லை, அவளேதான். நாலு மாசத்துக்கு முன்னால் ஈஸ்வரமூர்த்தியின் ஈறில் ரத்தம் கசிந்தது. ஓடும்போதே பிழிந்து வாயில் விட்டுக்கொள்கிற சர்க்கரைப் பசை, ஓடி முடித்ததும் கலக்கிக் குடிக்கிற சாக்லேட் பவுடர், நடுவில் உப்பு மாத்திரை என்று இருபத்துநாலு மணி நேரமும் வாயில் எதையாவது போட்டுக்கொண்டிருந்தால் எந்த ஈறுதான் தாங்கும். கழுவாமல் வைத்த பால் கேன் மாதிரி நாறியது வாய். பல் டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். பத்து நாள் அந்த வாயில் கிராம்பும் புதினாவும் மணத்தன. பதினோராம் நாள் பால் கேன் திரும்பி வந்தது. அப்போதுதான் அவள் அந்தப் பொய்யைச் சொன்னாள். டாக்டர் தொடர்ந்து போடச் சொன்னாருங்க. அவன் மறுபேச்சுப் பேசவில்லை. சுவரில் சர்டிபிகேட் மாட்டியிருக்கிற யார் சொன்னாலும் கேட்பான், சுவரில் கல்யாண போட்டோவில் இருக்கிறவள் சொன்னால் கேட்க மாட்டான். காலையில் எவர்சில்வர் வழிப்பானை நாக்கின் அடிவரைக்கும் விட்டு ஓவ் ஓவ் என்று இரண்டாவது மாடி வரை கேட்கிற மாதிரி வழித்துவிட்டு, மூடி நிறைய மருந்தை ஊற்றிக் கைக்கடிகாரத்தில் முப்பது விநாடி பார்த்துக் கொப்பளிப்பான். படுக்கப் போகும்முன் இன்னொரு தடவை. அந்த வாசனை இருந்தால்தான் அவள் முகத்தை அவன் பக்கம் திருப்ப முடிந்தது. திருப்பினால் என்ன வந்துவிட்டது என்று கேட்டால், ஒன்றும் வரவில்லை, பத்து நிமிஷத்தில் அவன் குறட்டை வந்தது. ஆனாலும் அந்த வீட்டில் அவள் சொல்லி அவன் கேட்ட ஒரே காரியம் அது. நாலு மாசம், நூற்றிருபது நாள், அறுபது கிலோ. அறுபது கிலோ பீட்ரூட்டைத் தோல் சீவினவளும் அவள்தான், அறுபது கிலோவையும் சாக்கடையில் ஊற்றினவளும் அவள்தான் என்று ஆகிப்போனதை நினைத்து, ஈரப் புல்லில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் கோகிலவாணி உட்கார்ந்தாள்.

ஒரு சதவீதம் என்றாளே. இரண்டு மணி நேரத்துக்கு ஏழாயிரத்து இருநூறு விநாடி. அதில் ஒரு சதவீதம் எழுபத்திரண்டு. போன வருஷம் இதே மைதானத்தில் அவன் தவறவிட்டது முப்பத்தெட்டு விநாடி. எழுபத்திரண்டில் முப்பத்தெட்டு போனாலும் முப்பத்திநாலு மிச்சம் இருந்திருக்கும். தாராளமாக இருந்திருக்கும். குழந்தைப்பேறு டாக்டரம்மாவின் அறையில் அந்த ஏ.சி. சத்தம் இப்போதும் காதில் இருந்தது. ஒன்றரை வருஷம் முன்னால். "ஊசி போடறதும் கரு வைக்கிறதும் எங்க வேலை. அதுக்கு முன்னாடி சார் மூணு மாசம் இந்த ஓட்டம், பவுடர், மாத்திரை, இறுக்கமான டிராயர் எல்லாத்தையும் நிறுத்தணும். அப்பத்தான் அவர் பக்கத்து எண்ணிக்கை ஏறும்." அதற்கு இவன் கேட்ட கேள்வி: "மூணு மாசம் நிறுத்துனா எனக்கு எவ்வளவு ஸ்பீடு இறங்கும் டாக்டர்?" டாக்டரம்மா கோகிலவாணியைப் பார்த்தாள். கோகிலவாணி மேஜை மேல் இருந்த பிளாஸ்டிக் கர்ப்பப்பையைப் பார்த்தாள். பிறகு அவன், பெரிய மனசு பண்ணுகிறவன் மாதிரி, டாக்டரம்மா முன்னிலையிலேயே வாக்குக் கொடுத்தான். இருபத்தோரு கிலோமீட்டரை ஒரே ஒருக்கா ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சுர்றேங்க, அன்னைக்கே ஷூவைக் கழட்டிர்றேன். பம்ப்செட் கம்பெனியில் தரம் பார்க்கிற மேனேஜர் அவன். நூலளவு கூடினாலும் வார்ப்பைத் தூக்கிக் குப்பையில் போடுகிறவன். முப்பத்தெட்டு விநாடி கூடினதை எப்படி ஏற்றுக்கொள்வான். போட்டான் குப்பையில், ஒரு முழு வருஷத்தை. போன மாசம் டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள், உங்களுக்கு முப்பத்தெட்டு ஆச்சும்மா, கருமுட்டை மாசாமாசம் குறையுது, இதுக்கு மேல தள்ளுனா என்கிட்ட வராதீங்க. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள். இன்று ஞாயிறு. நடுவில் ஒரே ஒரு திங்கட்கிழமையும் ஈஸ்வரமூர்த்தியின் இரண்டு கால்களும்தான் இருந்தன.

பொங்கல் வாசனை வந்தது. பின்னாலேயே காப்பி வாசனை. பத்து நாள் காப்பியை விட்டுவிட்டால் பந்தயத்தன்று போடுகிற காப்பிச்சத்து மாத்திரை குதிரை மாதிரி தூக்கும் என்று எதிலோ படித்தான். விடட்டுமே, யார் வேண்டாமென்றது. வீட்டில் வாசனையே வரக் கூடாது என்று பில்டரைப் பரண்மேல் ஏற்றிவிட்டான். காலையில் எழுந்தால் அவளுக்குத் தலை இடிக்கும். கடைக்குப் பக்கத்து பேக்கரியில் ஆம்பளைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, யாராவது தெரிந்தவர்கள் வருகிறார்களா என்று பார்த்துப் பார்த்துக் குடித்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் புருஷனுக்குத் தெரியாமல் செய்த கள்ளத்தனம் அது ஒன்றுதான். இல்லை, இப்போது இரண்டு. அம்மாவிடம் போனில் அழுதால், குடியில்ல, சீட்டில்ல, ஓடத்தானடி செய்யறாரு மாப்பிள்ளை என்பாள். குடிக்கிறவன் குடித்துவிட்டாவது பெண்டாட்டியை என்னவென்று கேட்பான். இவன் கேட்டதெல்லாம் பீட்ரூட் ஆச்சா. ஒரு தடவை, தசையில் புளிப்பு ஏறாமல் இருக்கும் என்று எவனோ எழுதினதைப் படித்துவிட்டு, ஆப்ப சோடாவை முழு டம்ளரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பேரூர் ரோட்டில் ஓடப் போனான். நாலாவது கிலோமீட்டரில் வயிறு கிளம்பிவிட்டது. யாருடைய தென்னந்தோப்பிலோ முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, நேத்து நீ வெச்ச கொள்ளுப் பருப்புத்தான் என்றான். அதை நினைத்ததும் கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து போய்க் காப்பி வாங்கினாள். சுட்டது. நாக்கை மேல்வாயில் தேய்த்துப் பார்த்தாள். அவள் நாக்கில் கிருமிகள் அத்தனையும் உயிரோடு இருந்தன. ஓடுகிறவனுக்கு வேண்டியது முழுக்க உட்கார்ந்திருக்கிறவளிடம் இருந்தது.

ஆறு ஐம்பது. பாதிக்கு மேல் போயிருப்பான். சொல்லலாமா வேண்டாமா. கடையில் கண் சோதிக்கும்போது ஒரு கண்ணாடியைப் போட்டு இது தெளிவா என்பாள், மாற்றிப் போட்டு இது தெளிவா என்பாள், சிலபேர் ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்குதுங்க என்பார்கள். அப்படித்தான் இருந்தது. சொன்னால், சாகிறவரைக்கும் அது அவள் தலையில். கல்யாண வீட்டிலும் காது குத்திலும் வைத்துச் சொல்வான், என்ற ரெண்டு மணி நேரத்தைக் கெடுத்தவ இவதான்னு. பிள்ளை இல்லாததற்கும் அதுதான் காரணம் என்று ஆகும், நீ மட்டும் அந்த மருந்தை வாங்கிக் குடுக்காம இருந்திருந்தா அன்னைக்கே ஷூவைக் கழட்டியிருப்பேனே என்பான், அதில் பொய்யும் இருக்காது. சொல்லாவிட்டால், அவன் கொப்பளித்துக்கொண்டே இருப்பான், பீட்ரூட் வேலை செய்யாது, அடுத்த வருஷமும் முப்பத்தெட்டு, அதற்கடுத்த வருஷமும் முப்பத்தெட்டு. கடையில் மருந்து வர்றதில்லையாம் என்று நிறுத்திவிடலாம். நிறுத்தலாம்தான். ஆனால் நிறுத்திவிட்டு ஓடுவதற்கு அவனுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது, பார்த்துக்கொண்டிருப்பதற்கு அவளுக்கு ஆறு மாசம்கூட இல்லை. அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். காப்பியின் சூடுதான் அங்கே இருந்தது, வேறொன்றும் இல்லை. நாறின வாயோடு அவனைச் சகித்திருக்கலாம். நாலு மாசம் மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்திருக்கலாம். உலகத்தில் எத்தனை பெண்கள் எதையெதையோ பொறுத்துக்கொள்ளவில்லையா. வாசனை கேட்டாளாம் வாசனை, முப்பத்தெட்டு வயசில்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்த மாதிரி கூட இல்லை, ரொம்ப நாளாக உள்ளேயே உட்கார்ந்திருந்து இப்போது எழுந்து நின்ற மாதிரி. கால் உடைந்தால் என்ன. எலும்பு சேர எத்தனை நாள்? மூணு மாசம். டாக்டரம்மா கேட்டது எத்தனை நாள்? அதே மூணு மாசம். மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தால் ஓட்டம் இல்லை, பவுடர் இல்லை, இறுக்கமான டிராயர் இல்லை, தளர்ந்த வேட்டிதான். இரண்டு மணி நேரமும் வேண்டாம், பீட்ரூட்டும் வேண்டாம். முருகா, பெரிய எலும்பு வேண்டாம், சின்னதாக ஒன்று, கணுக்காலில், விரிசல் விட்டால் போதும். அவினாசி ரோட்டில் பாலத்துக்குத் தோண்டிப் போட்ட பள்ளம் எத்தனை இருக்கிறது, ஒன்றுகூடவா அவன் காலுக்கு அகப்படாது. வேண்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. எழுந்து நின்றுவிட்டாள். கையிலிருந்த காப்பி சிந்தியது. பயத்தில் எழுந்துவிட்டாள் என்றுதான் பக்கத்தில் இருந்த பெண் நினைத்து, "பதறாதீங்க, உங்காளா இருக்காது" என்று தோளைத் தொட்டாள். ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். வெள்ளை மீசை, வயசானவர், காலில் மஞ்சள் ஷூ. ஈஸ்வரமூர்த்தியினுடையது பச்சை. பக்கத்துப் பெண் சொன்னபடியே அவள் ஆள் இல்லை. கோகிலவாணி உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் ஏமாற்றம், காலையில் எழுந்து பார்த்தால் தீட்டு வந்திருக்கிற நாட்களில் வருகிற அதே ஏமாற்றம். சீ, நானும் ஒரு பெண்ணா என்று தன்னையே திட்டினாள். திட்டி முடிப்பதற்குள் இன்னொன்று தோன்றியது. ஒருவேளை செத்தே போனால்? மாரடைத்து விழுகிறவர்களைப் பற்றிப் பேப்பரில் வருகிறதே. செத்தால் அதுவும் போச்சு. ஒரு சாம்பிள் எடுத்து உறைய வைத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது, அன்னைக்கு எனக்கு நீள ஓட்டம் இருக்குதுங்க என்று சொல்லி வராமல் இருந்தவன். அவன் செத்தால் அவளுக்கு மிஞ்சுவது பிரிட்ஜில் நாலு பாட்டில் சிவப்புச் சாறுதான். எனவே சாக வேண்டாம். கணுக்கால் போதும்.

ஏழு முப்பது. மைக்கில் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். ஒல்லி ஒல்லியான பையன்கள் வந்து முடித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வளைவுக்கு மேலே பெரிய கடிகாரத்தில் சிவப்பு எண்கள் ஓடின. ஒன்று நாற்பத்தைந்து. ஒன்று ஐம்பது. கோகிலவாணி கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் தடவை அவன் ஓடினபோதும் இப்படித்தான் நின்றாள், அன்று அவன் வந்தால் போதும் என்று இருந்தது. இப்போது அவன் முகம் நினைவுக்கு வரவில்லை, எண்கள்தான் வந்தன. ஒன்று ஐம்பத்தைந்து. இரண்டு தாண்டட்டும், நாமே கெடுத்தோம் என்று தெரிந்துபோகட்டும், முடிந்துபோகட்டும். இல்லை, தாண்ட வேண்டாம், ஒரு விநாடி மிச்சம் வைத்தாவது வரட்டும், முருகா கணுக்காலைக் கேட்டதை மறந்துவிடு. ஒன்று ஐம்பத்தெட்டு. வளைவில் பச்சை ஷூ தெரிந்தது. வாய் கோணி, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, கழுத்தறுத்த கோழி மாதிரி வந்துகொண்டிருந்தான் ஈஸ்வரமூர்த்தி. கோட்டைத் தாண்டினபோது ஒன்று ஐம்பத்தெட்டு நாற்பது. அவள் இரண்டு தடவை படித்தாள். அவள் ஒன்றையும் கெடுத்துவிடவில்லை. சனியன் பிடித்த பீட்ரூட் இல்லாமலேயே ஓடிவிட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது. நல்ல மனுஷன்தான், கெட்டிக்காரன்தான், செவ்வாய்க்கிழமைக்கு அவனுக்கு அந்த நீலச் சட்டையைத் தேய்த்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் அவன் குனிந்தான், குடம் குடமாகச் சிவப்பாக வாந்தி எடுத்தான். "ரத்தம்! ரத்தம் கக்கறாரு!" என்று மைக்குக்காரன் மைக்கிலேயே கத்தினான். கோகிலவாணிக்கு முதலில் செவ்வாய்க்கிழமைதான் நினைவுக்கு வந்தது, பிறகுதான் புருஷன். தடுப்பைத் தாண்டி ஓடிப்போய், சிவப்பில் கால் வைத்து நின்று, "ரத்தமில்லீங்க, பீட்ரூட்டு, பீட்ரூட்டுங்க" என்று எல்லாரிடமும் சொன்னாள்.

சாமியானாவுக்குக் கீழே உட்கார வைத்துக் கழுத்தைத் துடைத்துவிட்டாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"பாத்தயா கோகி? ஒண்ணு அம்பத்தெட்டு நாப்பது."

"பாத்தேனுங்க."

"எவனும் நம்பல. என்கூட ஓடற அந்தத் துரைராஜ் மூஞ்சியைப் பாக்கணுமே."

"செவ்வாக்கெழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"எங்க?"

"டாக்டரம்மாகிட்ட."

அவன் கடிகாரத்தில் ஒரு பொத்தானை அமுக்கினான். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எவ்வளவு ஆனது என்று வரிசையாக வந்தது. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "கடைசி ரெண்டு கிலோமீட்டரு இன்னும் வெசையா போயிருப்பேன். காலுல தெம்பு மிச்சம் இருந்துச்சு. இப்பப் போய் நிறுத்துனா பைத்தியக்காரத்தனம் புள்ள. ஏப்ரல்ல கொச்சியில ஒண்ணு இருக்குது, ரோடு சமமா இருக்கும். ஒண்ணு அம்பத்தஞ்சு அடிச்சர்றேன். அதோட சரி, ஷூவைக் கழட்டிர்றேன். டாக்டரம்மாகிட்ட நானே பேசிக்கறேன்."

கோகிலவாணி துண்டை மடித்தாள். நாலாக மடித்தாள், பிரித்து மறுபடி மடித்தாள். இரண்டு மணி நேரமாக வயிற்றுக்குள் கிடந்த கல் இப்போது கையில் இருந்தது. இவன்மேல் எறிய இதைவிட நல்ல கல் கிடைக்காது. கடையில் வாடிக்கைக்காரர்களிடம் பேசுகிற அதே குரலில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "நாலு மாசமா நீங்க குடிச்ச பீட்ரூட்டு ஒண்ணுமே வேலை செய்யலீங்க. வாய் கொப்பளிக்கிற மருந்து போட்டா நாக்குல இருக்கற கிருமி செத்துருமாம். அது செத்தா சாறு வீணாம். பிசியோதெரபி புள்ள சொல்லுச்சு. டாக்டர் பத்து நாளைக்குத்தான் எழுதுனாரு. நாந்தான் பொய் சொல்லி வாங்கி வாங்கிக் குடுத்தேன். உங்க வாய் நாறுச்சு."

சொல்லிவிட்டு அவன் முகம் விழுவதைப் பார்க்கக் காத்திருந்தாள். ஆசையாகக் காத்திருந்தாள். கத்தட்டும், அத்தனை பேர் முன்னாலும் கை ஓங்கட்டும், இந்த ஒன்று ஐம்பத்தெட்டு நாற்பது அவன் வாயில் மண்ணாகட்டும்.

அவன் வாயைத் திறந்தான். பல்லெல்லாம் சிவப்பு.

"அப்ப இது பீட்ரூட் இல்லாம ஓடுனதா?"

"ஆமா."

"வெறும் காலுத் தெம்புலயே ஒண்ணு அம்பத்தெட்டா?"

அவள் பதில் சொல்வதற்குள் எழுந்துவிட்டான். "டேய் துரைராஜு, இங்க வாடா, எங்க வீட்டுக்காரி என்ன கண்டுபிடிச்சிருக்கா கேளு!" என்று மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். அவள் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்து, இத்தனை பேர் பார்க்க, அந்த வாயோடேயே நெற்றியில் முத்தம் கொடுத்தான். "நீ பெரிய ஆளு புள்ள" என்றான். பிறகு அவள் முன்னால் புல்லில் குத்தவைத்து உட்கார்ந்து, முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். "அந்தப் பொண்ணு வேற என்ன சொல்லுச்சு? மருந்தை விட்டுட்டா எவ்வளவு குறையுமாம்? ஒண்ணு விடாமச் சொல்லு."

பதினோரு வருஷத்தில் அவன் அவள் முகத்தைப் பார்த்து ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தது இதுதான் முதல் தடவை.

"எழுபத்திரண்டு விநாடிங்க" என்றாள் கோகிலவாணி.

அவன் உதட்டை அசைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தான். ஏப்ரலில் அவளுக்கு முப்பத்தொன்பது.